கோடும் குடியும்

நாஞ்சில் நாட்டுத் தேரூரிலே 1876-ஆம் ஆண்டு பிறந்து, 1954-ஆம் ஆண்டு மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்களைத் தமிழ் மாணவர் யாவரும் அறிவர். குழந்தைப் பாடல்களால் அவர் பெயர் நம் நெஞ்சிலே நிலைத்துவிட்டது. ஆயினும், 1917, 1918-ஆம் ஆண்டுகளில் 'தமிழன்' என்ற இதழில் அவர் எழுதிய 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்' என்ற அங்கத நூலைப் படித்தவர் சிலரே. மருமக்கள் வழி உரிமையால் நொந்து நைந்த பெண்ணொருத்தி தன் கதையைத் தானே சொல்லுவதாக அமைந்தது அந்நூல். அதிலே ஒரு பகுதிக்குக் கவிமணியவர்கள் சூட்டிய பெயர், 'கோடேறிக் குடிமுடித்த படலம்' என்பது. கோர்ட்டு என்ற ஆங்கிலச் சொல் எங்கள் நாட்டுப் பேச்சில் கோடு என்று திரிந்தது. கோடேறுதல் என்றால் வழக்காடச் செல்லுதல். வழக்காடச் சென்று குடியை முடித்துக்கொண்ட கதை என்பது அத்தலைப்பின் பொருள்.

இன்று நான் உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருள் இத்தலைப்பினுள்ளே அடங்கியிருக்கிறது. நியாயம் கேட்டுப் போன குடி ஏன் முடிந்து போக வேண்டும்? நீதிமன்றத்தின் படிகள் ஏழைக்கு எட்டாத உயரத்தில் அமைந்தது எவ்வாறு? அப்படிகளைத் தாழ்த்த முயன்றவர் யார் யார்? இவ்வினாக்களுக்குக் குமரி மாவட்டத்தின் வரலாறே நல்ல விடை தருகிறது. ஆகவே, பிற நாடுகளைப் பற்றி நெடிது பேசாமல், நாஞ்சில் நாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சிறு வழக்கு, பெரு வழக்கு என்று நாம் பிரிக்கிறோம். யாருக்குச் சிறிது, யாருக்குப் பெரிது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தோவாளை வட்டத்திலே கடைமடையில் அரை ஏக்கர் பயிரிடும் ஓர் உழவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல்மடைக்காரர் மடையை அடைத்துவிட்டார். தண்ணீர் வரவில்லை. இவ்வழக்கின் மதிப்பு ஏட்டளவில் சில ஆயிரம் ரூபாய்தான். ஆனால் அவ்வுழவருக்கு அது கன்னிப்பூ விளைச்சல் முழுவதும். தீர்ப்பு இரண்டாண்டு கழித்து அவர் பக்கமே வந்தாலும், காய்ந்த பயிர் மீண்டும் தளிர்க்காது. வரப்பை ஒரு சாண் தள்ளிப் போட்ட தகராறு, ஒற்றி வைத்த தோப்பை மீட்கவொட்டாத தகராறு, செய்த வேலைக்குக் கூலி கொடுக்காத தகராறு ஆகியவையும் இத்தன்மையனவே. செல்வர்க்கு இவை சில்லறை. ஏழைக்கு இவையே வாழ்வு. சிறு வழக்கைத் தீர்க்கும் வழி எளிதாயும், அண்மையதாயும், விரைவாயும், செலவு குறைந்ததாயும் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் வற்புறுத்துவது இதனாலேதான்.

பழங்காலத்தில் அத்தகைய வழி இருந்ததன்றோ என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது. தோவாளை, அகத்தீசுவரம் என்னும் இரு வட்டங்களும் சேர்ந்த பகுதியே நாஞ்சில் நாடு. அது பன்னிரண்டு பிடாகைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிடாகைகளின் தலைவர்கள் நாட்டுக் கூட்டமாகக் கூடினார்கள். அழகியபாண்டிபுரத்துப் பெரிய வீட்டு முதலியார் குடும்பத்தில் வழிவழியாகக் காக்கப்பட்ட ஓலைகள் அக்காலத்தைப் பற்றிப் பல செய்திகளைச் சொல்லுகின்றன. முதலியார் ஓலைகள் என்று பெயர் பெற்ற அவற்றை ஆராய்ந்த முன்னோடிகளுள் கவிமணியவர்களும் ஒருவர். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசின் வரிச்சுமை பொறுக்க முடியாமற் போனபோது, வரி கொடுப்பதில்லை என்று முடிவு செய்யும் துணிவு நாட்டுக் கூட்டத்திற்கு இருந்தது. அத்தகைய கூட்டத்தின் சொல்லுக்கு ஊரிலே மதிப்பு இருந்ததில் வியப்பில்லை.

இவ்வூர் மன்றங்களின் நன்மைகள் வெளிப்படையானவை. வழக்காடுவோர் நெடுந்தொலைவு நடக்க வேண்டியதில்லை. முத்திரைத்தாள் வாங்க வேண்டியதில்லை. வக்கீலுக்குப் பணம் எண்ண வேண்டியதில்லை. எல்லாம் தாய்மொழியிலேயே நடைபெறும். வரப்பு எங்கே இருந்தது என்பதை மன்றத்தில் அமர்ந்திருப்பவரே கண்ணால் கண்டிருப்பார். 'அந்தக் காலத்துப் பஞ்சாயத்து' என்று முதியோர் பெருமூச்சு விடுவதற்குக் காரணம் உண்டு.

ஆனால், வரலாறு படிக்கும் மாணவர் பெருமூச்சோடு நின்றுவிடலாகாது. அம்மன்றத்தில் அமர்ந்தவர் யார், அதன்முன் நின்றவர் யார் என்று கேட்டல் வேண்டும். அதே முதலியார் ஓலைகளுள் மனிதரை விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் இருக்கின்றன. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட ஒருவர், நிலத்துக்கு உடையவர் மேல் வழக்குரைக்க எங்கே போவார்? பொருளாக எழுதப்பட்டவர் வாதியாக எழுதப்பட மாட்டார். திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ஆம் ஆண்டிலேதான். பெண்களும், கூலியாட்களும், தாழ்த்தப்பட்ட சாதியினரும் நாட்டாரின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்ந்தனரேயன்றி, உரிமையோடு நியாயம் கேட்கவில்லை. ஊர் மன்றம் அருகில் இருந்தது. ஆனால் எல்லோரும் அங்கே சமமாக நிற்கவில்லை. இந்தக் குறையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பேச்சின் முடிவுக்கு இது தேவைப்படும்.

மெய்யைக் கண்டறியும் முறையிலும் அக்காலம் இக்காலத்தினின்றும் வேறுபட்டிருந்தது. சுசீந்திரம் கோயிலில் 'கைமுக்கு' என்றொரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யிலே கையை விட வேண்டும். பிறகு கையைத் துணியால் சுற்றிக் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பர். கை வெந்திராவிட்டால் குற்றமற்றவர் என்பது முடிவு. பேராசிரியர் கே. கே. பிள்ளையவர்கள் 1953-இல் வெளியிட்ட சுசீந்திரம் கோயில் பற்றிய ஆராய்ச்சி நூல் இவ்வழக்கத்தையும் விளக்குகிறது. 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜா இக்கொடிய முறையை ஒழித்தார். சாட்சியும் ஆவணமும் தீர்ப்புக்கு அடிப்படையாக வேண்டும் என்ற எண்ணம் நாட்டிலே வேரூன்றிய காலம் அது.

அதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மற்றொரு வகை நீதியை இந்நாடு கண்டது. கல்குளம் வட்டத்துத் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி, திருவிதாங்கூரின் தளவாயாக உயர்ந்தார். அவர் ஊர் ஊராகச் சென்று, முறையீடுகளை நேரிலே கேட்டு, அந்த இடத்திலேயே முடிவு கூறினார் என்பர். தண்டனைகளோ மிகக் கடுமையானவை. மக்கள் அஞ்சினார்கள், வியக்கவும் செய்தார்கள். ஆனால் ஒருவருடைய ஊக்கத்தில் தங்கிய நீதி அவரோடு முடிந்துவிடும். 1809-இல் ஆங்கிலேயரை எதிர்த்த கிளர்ச்சி தோற்று வேலுத்தம்பி உயிர் நீத்தபோது, அந்த விரைந்த நீதியும் உடன் மறைந்தது. மேல்முறையீடு இல்லை, எழுதி வைத்த விதி இல்லை, அடுத்து வந்தவர் பின்பற்ற நிலையான அமைப்பும் இல்லை.

நிலையான அமைப்பு 1811-இல் வந்தது. இராணி கௌரி லட்சுமிபாயின் ஆட்சியில், ஆங்கில ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் ஜான் மன்றோ ஐந்து ஜில்லா நீதிமன்றங்களை ஏற்படுத்தினார். பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை, வைக்கம், ஆலுவா என்பவை அவ்வைந்து இடங்கள். நீதிபதிகளோடு தரும சாத்திரம் அறிந்த சாத்திரி ஒருவரும் அமர்ந்தார். மேல்முறையீட்டு மன்றம் ஒன்றும் அமைந்தது. ஐந்தில் ஒன்று நம் பத்மநாபபுரம் என்பது குமரி மாவட்டத்தார் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எனினும், ஆரல்வாய்மொழியிலிருந்து ஒரு சிறு உழவர் மாடு திருடு போன வழக்குக்காகப் பத்மநாபபுரம் வரை நடந்து செல்வதென்றால் அது எளிதான செயலாகுமா? சுவாதித் திருநாள் காலத்தில் சிறு வழக்குகளைக் கேட்க முன்சீப் கோர்ட்டுகள் அமைக்கப்பட்டபோதுதான் அக்குறை ஓரளவு நீங்கியது.

இதே காலத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், ஆங்கிலேயரின் சென்னை மாகாணத்தில், மற்றொரு மன்றோ இதே சிக்கலை வேறு வழியில் தீர்க்க முயன்றார். அவர் தாமஸ் மன்றோ. பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு என்பதை மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும். 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டங்களால் ஊர்த் தலைவரே கிராம முன்சீப் ஆக்கப்பட்டார். பத்து ரூபாய் வரையுள்ள பண வழக்குகளை அவர் ஊரிலேயே தீர்க்கலாம். ஊர்ப் பஞ்சாயத்துக்கும் சட்டத்தின் ஒப்புதல் கிடைத்தது. இங்கிலாந்திலேயே ஏழைகளின் சிறு கடன் வழக்குகளுக்கெனக் கவுண்டி நீதிமன்றங்கள் 1846-இல்தான் புதிய முறையில் ஏற்பட்டன. இருபது பவுன் வரையுள்ள வழக்குகள் அவற்றுக்கு உரியவை. அவற்றுக்கு முப்பதாண்டு முந்தியது நம் நாட்டு ஏற்பாடு. ஆயினும், ஊரில் நிலமும் செல்வாக்கும் உடையவரே வரி தண்டுபவராகவும் நீதி கூறுபவராகவும் இருந்தமையால், பழைய நாட்டுக் கூட்டத்தின் குறை இதிலும் தொடர்ந்தது. கிராம முன்சீப் என்ற பதவியே தமிழ்நாட்டில் 1980-ஆம் ஆண்டு ஒழிக்கப்பட்டது.

நீதிமன்றம் அமைந்துவிட்டால் மட்டும் போதுமா? அதனுள்ளே யார் நுழையலாம் என்பது அடுத்த வினா. திருவிதாங்கூரில் தீண்டாமையும் காணாமையும் கடுமையாக நிலவிய காலத்தில், தாழ்த்தப்பட்டோர் கச்சேரிகளின் அருகே வர இயலாது. தொலைவில் நின்று குரல் கொடுக்க, இடையில் ஒருவர் அதைக் கேட்டு உள்ளே சொல்ல, விசாரணை நடைபெற்றது உண்டு. தன் வழக்கிலே தன் முகத்தை நீதிபதிக்குக் காட்ட முடியாத மனிதனுக்குச் சட்டப் புத்தகம் எவ்வளவு சிறந்ததாயிருந்தால் என்ன பயன்?

வாதியின் நிலை இதுவாயின், வக்கீலின் நிலையும் வேறாயிருக்கவில்லை. பிற்காலத்தில் திருவிதாங்கூர்த் தமிழர் இயக்கத்தின் தலைவராக விளங்கிய மார்ஷல் நேசமணியவர்கள் நாகர்கோவிலில் வக்கீல் தொழிலைத் தொடங்கிய காலம் 1920-களின் தொடக்கம். உயர்ந்த சாதி வக்கீல்களுக்கு நாற்காலியும், ஏனையோருக்கு முக்காலியும் போடும் வழக்கம் அப்போது இருந்ததாகவும், முக்காலியைத் தள்ளிவிட்டு அவர் நாற்காலியில் அமர்ந்ததாகவும் குமரி மாவட்டத்தார் இன்றும் பெருமையோடு சொல்லுவர். நானும் அதைப் பலர் வாயால் கேட்டிருக்கிறேன். ஒரு நாற்காலி சிறு பொருள்தான். ஆனால் தமக்காகப் பேசும் வக்கீல் சமமாக அமர்ந்திருப்பதைக் கண்ட கட்சிக்காரர், அம்மன்றம் தமக்கும் உரியது என்று எண்ணத் தொடங்கியிருப்பார்.

இனி, கவிமணியவர்கள் காட்டிய குடிகேட்டுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே மருமக்கள் வழி நிலவியது. ஒருவர் தேடிய சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குச் சேரும். மனைவிக்கும் மக்களுக்கும் 'உகந்துடைமை' என்ற பெயரில் ஒரு பங்கு உண்டு. அப்பங்கு எவ்வளவு, எப்போது, யார் கையிலிருந்து என்ற வினாக்கள் எழுந்தபோதெல்லாம் வழக்கும் எழுந்தது. உறவினர் இருவர் கோடேறினால், வயல் மூன்றாமவருக்கு ஒற்றியாகப் போகும். நூல் வெளிவந்து சில ஆண்டுகளுக்குப் பின், 1926-இல், திருவிதாங்கூர் அரசு நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்தை இயற்றி மனைவி மக்களின் உரிமையை வரையறுத்தது. நான் இதிலிருந்து கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுண்டு. நீதிமன்றத்தை மலிவாக்குவதற்கு முன், சட்டத்தைத் தெளிவாக்க வேண்டும். உரிமை ஐயத்துக்கு இடமின்றி எழுதப்பட்டிருந்தால், பாதி வழக்குகள் வாசற்படிக்கு வெளியிலேயே முடிந்துவிடும்.

எஞ்சிய வழக்குகளுக்கு மூன்று தடைகள் உண்டு: கட்டணம், மொழி, தொலைவு.

கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். வழக்குத் தொடுக்கவே அரசுக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி ஆங்கிலேயர் ஆட்சியில் பரவியது. பொய் வழக்குகளைத் தடுக்கவே இக்கட்டணம் என்று அதற்குக் காரணம் கூறினார்கள். கவர்னர் ஜெனரலின் ஆலோசனைச் சபையில் சட்ட உறுப்பினராயிருந்த மெக்காலே 1835-லேயே இக்காரணத்தைக் கண்டித்தார். கட்டணம் பொய்யனைத் தடுப்பதில்லை, பணமில்லாதவனையே தடுக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். விடுதலைக்குப் பின், எம். சி. செதல்வாட் தலைமையில் அமைந்த சட்ட ஆணைக்குழு 1958-இல் அளித்த பதினான்காம் அறிக்கையும், நீதிமன்றக் கட்டணத்தை அரசு வருவாய்க்குரிய வழியாகக் கொள்ளலாகாது என்று கூறியது. அவ்வறிக்கைக்குப் பின்னும் பல்லாண்டுகள் தமிழ்நாட்டில் வழக்கு மதிப்பில் ஏழரை விழுக்காடு கட்டணமாக இருந்தது. 2017-இல் அது மூன்று விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. பத்தாயிரம் ரூபாய்க் கடனை மீட்க விரும்புபவர் முன்பு 750 ரூபாய் கட்டினார். பிறகு 300 ரூபாய் கட்டினார். பணமே இல்லாதவர், தம் வறுமையை மெய்ப்பித்து, கட்டணமின்றி வழக்குத் தொடுக்கவும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது.

ஆயினும், கட்டணம் செலவின் ஒரு பகுதியே. கோர்ட்டுக்குப் போகும் நாளில் கூலி இல்லை. பேருந்துக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். சாட்சியையும் அழைத்துச் செல்ல வேண்டும். வாய்தா போட்டுவிட்டால் இவ்வளவும் மறுபடியும். பத்து வாய்தாவில் ஏழையின் வழக்கு அவர் மடியிலிருந்தே தோற்றுவிடுகிறது. வசதியுள்ள எதிரிக்கு மேல்முறையீடு ஓர் ஆயுதம். இதை எண்ணியே, 25,000 ரூபாய்க்கு மேற்படாத பண வழக்குகளில் இரண்டாம் மேல்முறையீடு கிடையாது என்று 2002-இல் விதி செய்தார்கள்.

அடுத்தது மொழி. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் வெளியிட்டார். 1879-இல் வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் தம் நாவலிலும், கட்சிக்காரருக்கு விளங்காத மொழியில் வழக்காடும் கேட்டை எடுத்துக் காட்டினார். குமரி மாவட்டத்தில் இக்கேடு இரட்டிப்பாயிருந்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் மலையாளமும் ஆங்கிலமும் மேலோங்கி நின்றன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. கீழமை நீதிமன்றங்களில் தமிழே வழக்கு மொழியாதற்கு 1976-இல் சட்டம் வந்தது. தன்மேல் சாட்டப்படுவது யாது, தன் சாட்சி எவ்வாறு எழுதப்படுகிறது என்று ஒருவர் தாமே புரிந்துகொள்ள முடிந்தால், இடைத்தரகருக்குப் பாதி வேலை இல்லாமற் போகும்.

மூன்றாவது தொலைவு. நாகர்கோவில் மக்களுக்கு உயர்நீதிமன்றம் எங்கே இருந்தது என்று பாருங்கள். திருவிதாங்கூர் ஆட்சியில் அது திருவனந்தபுரத்தில், ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. 1949-இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது எர்ணாகுளத்துக்குப் போயிற்று. தொலைவு முன்னையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஆயிற்று. 1956-இல் தாய்த் தமிழகத்தோடு சேர்ந்தபோது சென்னைக்குப் போயிற்று. ஏறத்தாழ எழுநூறு கிலோமீட்டர். மொழியால் நெருங்கிய மன்றம் வழியால் விலகியது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை திறக்கப்பட்டபோதுதான் அத்தொலைவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. மாவட்டத்துக்குள்ளேயும் நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை, இரணியல், பூதப்பாண்டி எனப் பல இடங்களில் நீதிமன்றங்கள் இருப்பது நன்மையே.

இம்மூன்று தடைகளையும் ஒருங்கே குறைக்கும் முயற்சி அண்மைக் காலத்தில் நடந்துவருகிறது. 1976-இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 39-ஏ பிரிவு, வறுமை காரணமாக எவருக்கும் நீதி மறுக்கப்படலாகாது என்று அரசுக்கு நெறி கூறியது. அதன் வழியே 1987-இல் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பெற்று, 1995-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர், குறைந்த வருமானத்தினர் ஆகியோருக்கு இலவச வக்கீல் உதவி பெற உரிமை உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பாரும் இசைந்தால் வழக்கு முடியும். கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். அம்முடிவு நீதிமன்றத் தீர்ப்புக்கு ஒப்பானது. அதன்மேல் முறையீடு இல்லை. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கியவற்றைப் பற்றிய முறையீட்டுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீலின்றித் தாமே வாதாடவும் செய்யலாம். கிராமங்களுக்கே சென்று வழக்குக் கேட்கும் கிராம நியாயாலயங்களுக்கென 2008-இல் ஒரு சட்டம் வந்தது. அது எல்லா மாநிலங்களிலும் வேர் கொள்ளவில்லை. கடல் கடந்த இலங்கையிலும் 1958-இல் இணக்க சபைகளும், அவை மறைந்த பின் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மத்தியஸ்த சபைகளும் ஏற்பட்டன. அங்கும் வக்கீல்கள் இன்றியே சிறு பிணக்குகளை இணக்கத்தால் தீர்க்கிறார்கள்.

இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால், நான் முன்னே நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னதை இங்கே எடுத்துப் பாருங்கள். அண்மையும் மலிவும் நல்லவை. அவை மட்டுமே நீதி ஆகா. நாட்டுக் கூட்டம் அருகில்தான் இருந்தது. அடிமைக்கு அது உதவவில்லை. இன்றும் சமரசம் என்ற பெயரில், பத்தாயிரம் பெற வேண்டிய கூலியாளை, 'ஐயாயிரம் வாங்கிக்கொண்டு போ. இல்லையேல் ஆண்டுக்கணக்கில் அலைவாய்' என்று இசைய வைத்தால், அஃது இணக்கமாகாது. வழக்கு நீளும் என்ற அச்சத்தால் பிறந்த இசைவு அது. மறுத்துவிட்டு நீதிமன்றம் செல்லலாம், அங்கும் விரைவாக விடை கிடைக்கும் என்ற உறுதி இருப்பவரே உண்மையில் மனமார இசைய முடியும். ஆகையால் மக்கள் நீதிமன்றம் ஒருபுறம் வளர, முன்சீப் கோர்ட்டு மறுபுறம் விரைவுபெற வேண்டும். ஒன்றுக்கு ஒன்று மாற்றாகிவிடக் கூடாது. ஊர் மன்றத்தின் அண்மையும் சட்ட மன்றத்தின் சமன்மையும் ஓரிடத்தில் கூடுவதே நாம் வேண்டுவது. இருநூறு ஆண்டு நாஞ்சில் நாட்டு வரலாறு எனக்குக் கற்பித்த கருத்து இதுவே.

மாணவ நண்பர்களே! நெய்க்கொப்பரை போயிற்று. அடிமை ஓலை போயிற்று. முக்காலி போயிற்று. விளங்காத மொழி பெரும்பாலும் போயிற்று. இவற்றுள் எதுவும் தானாகப் போகவில்லை. ஓர் அரசர் ஆணையிட்டார். ஒரு கவிஞர் எள்ளி நகையாடினார். ஒரு முன்சீப் நூல் எழுதினார். ஒரு வக்கீல் நாற்காலியில் அமர்ந்தார். பெயர் தெரியாத ஆயிரவர் மனுக் கொடுத்தார்கள். எஞ்சி நிற்பது காலத்தாழ்வு என்ற தடை. உங்களுள் சிலர் நாளை வக்கீல்களாகவும் நீதிபதிகளாகவும் வருவீர்கள். சிலர் சட்டம் இயற்றும் அவைகளில் அமர்வீர்கள். ஏனையோர் உங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு முதியவருக்கு, வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே இருக்கிறது என்றாவது வழிகாட்டலாம். அவருக்காக ஒரு மனு எழுதித் தரலாம். அதுவும் நீதிப்பணியே.

தமிழிலே கோடுதல் என்றால் வளைதல் என்று பொருள், கோடாமையே நடுவுநிலைமை. ஒருவருடைய செல்வத்துக்கும் வளையாத, ஏழையின் கைக்கும் எட்டுகிற கோடு அமையுமாயின், கோடேறியவர் குடியும் வாழும்.